3.8 ஜிபி கோப்பில் எனக்கு வேண்டியது 4 எம்பி

நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதும் கோவை நண்பர்களுக்கு,

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். படித்தது ஐடிஐ எலக்ட்ரிக்கல். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷினில் சென்சார் மாட்டிய நாளிலிருந்து கம்ப்யூட்டரும் என் தலையில் விழுந்துவிட்டது. சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் ஏசியில் உட்கார்ந்து நீங்கள் செய்த மென்பொருள் எழுதித் தள்ளும் சென்சார் கணக்குக் கோப்பை, பஞ்சு பறக்கிற ஷெட்டின் மூலையில் நான்தான் திறக்கிறேன். அல்லது திறக்கப் பார்க்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் "நம்மளைத்தான் சொல்றாரோ" என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷம்.

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை நைட் ஷிப்ட். 14-ம் மெஷினில் இழை கண்டபடி அறுகிறது என்று மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர் அம்மிணி ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க அறுந்து தொங்குகிறது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்த ஸ்பிண்டிலில் (நூல் சுற்றும் கதிரில்) ஆரம்பித்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்குத்தானே ஸ்பிண்டிலுக்கு ஒரு சென்சார் வைத்தோம்? மணி 3. கம்ப்யூட்டரில் போய் உங்கள் கோப்பை டபுள் கிளிக் செய்தேன்.

நோட்பேட் உடனே கையை விரித்தது: கோப்பு ரொம்பப் பெரிசு, வேறு எடிட்டர் பார். அதுகூட நேர்மைதான் என்று பிற்பாடு தோன்றியது. இன்னொரு எடிட்டர் ஒன்றும் சொல்லாமல் திறக்க ஆரம்பித்தது. ஜன்னல் வெளுத்தது, மவுஸ் வட்டம் சுற்றியது, மெமரி கோடு ஏறிக்கொண்டே போய் உச்சியில் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். கோப்பை எழுதிக்கொண்டிருந்ததும் அதே கம்ப்யூட்டர்தான் என்பது அழுத்திய பிறகுதான் உறைத்தது. மறுபடி எல்லாம் ஓட ஆரம்பிக்கும் வரைக்கும் 20 நிமிடக் கணக்கு ஆலை முழுவதற்கும் போச்சு.

காலையில் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ரேம் கூட்டிக்குங்க சார்" என்றார்கள். 8 ஜிபி இருக்கிறது. 16 போட்டால் சரியாகிவிடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்களிடம் 20 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் 1,200 ஸ்பிண்டில், ஆக 24,000. ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுகிறீர்கள். ஒரு வரி சராசரியாக 60 பைட். ஒரு நாளைக்கு 3 கோடியே 45 லட்சம் வரிகள், 2 ஜிபிக்குச் சற்று மேல். உங்கள் மென்பொருள் தொடங்கும்போது ஒரு கோப்பு போடும், நிறுத்தும் வரை அதிலேயே கொட்டும். திங்கள் காலை 7 மணிக்கு ஆலை ஓட ஆரம்பித்து, நான் கை வைத்தபோது 44 மணி நேரம் ஆகியிருந்தது. 3.8 ஜிபி, 6 கோடியே 33 லட்சம் வரிகள். எக்ஸெல்லில் போடலாமே என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னார். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிதான் கொள்ளும். எங்கள் ஆலை அதை முக்கால் மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும்.

அத்தனையிலும் எனக்கு வேண்டியது 14-ம் மெஷின், 2 மணியிலிருந்து 3 மணி வரை. 1,200 ஸ்பிண்டில், 60 நிமிடம், 72,000 வரி. 4.3 எம்பி. எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கும்.

எடிட்டரை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை என்பது அப்புறம் கொஞ்சம் படித்தபோது புரிந்தது. எடிட்டர் என்பது திருத்துவதற்கு உள்ள பொருள். எங்கே கை வைப்போமோ என்று முழுக் கோப்பையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். நிறைய மென்பொருள்கள் உள்ளுக்குள் ஒரு எழுத்துக்கு 2 பைட் ஒதுக்குகின்றன. 3.8 ஜிபி கோப்பு அங்கேயே 7.6 ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று குறிப்பு வைக்க வேண்டும். அதற்கு மேல் கலர் போட வேண்டும், நீள வரியை மடித்துக் காட்ட வேண்டும், அன்டூ கேட்டால் கொடுக்க வேண்டும். விஎஸ் கோட் என்ற எடிட்டரை எழுதியவர்களே 2018-ல் ஒரு கணக்கை வெளியில் சொன்னார்கள். ஒருவர் 35 எம்பி கோப்பைத் திறக்க முடியவில்லை என்று புகார் செய்திருக்கிறார். பார்த்தால் அதில் 1 கோடியே 37 லட்சம் வரிகள். வரிக்கு ஒரு குறிப்பு, ஒவ்வொன்றும் 40 முதல் 60 பைட் என்று வைத்திருந்ததால் 35 எம்பி உள்ளே போய் 600 எம்பி ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு, கோப்பைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு எந்தத் துண்டு எங்கே என்று மட்டும் ஒரு பட்டியல் வைக்கும் முறைக்கு மாறினார்கள். அந்த யோசனை 1970-களிலேயே உள்ளது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எழுதிய பிராவோ என்ற எடிட்டரில் இருந்ததுதான். ஆனால் எங்கள் வரிக் கணக்குக்கு, வரிக்கு ஒரு குறிப்பு வைக்கும் முறையில் அந்தக் குறிப்பே 3 ஜிபி தாண்டும். 16 ஜிபி ரேம் இரண்டு நாளைக்கு ஓட்டும். மூன்றாம் நாள்?

அரிசி மண்டியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டியா அரிசி பார்க்கிறார்கள்? குத்தூசியைக் குத்தி ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பார்கள். கோப்புக்கும் அப்படி ஒரு குத்தூசி உண்டு. லெஸ் என்று பெயர், 1980-களில் மார்க் நியூடல்மன் எழுதியது. விண்டோஸில் கிட் (Git) என்ற புரோகிராமர் கருவியை நிறுவினால் கூடவே வந்துவிடும். திரையில் காட்ட வேண்டிய பகுதியை மட்டும்தான் படிக்கும். 97 என்று அடித்து பி எழுத்தைத் தட்டினால் கோப்பின் 97 சதவீத இடத்துக்கு நேராகப் போய்விடும், நடுவில் உள்ளதைத் தொடாது. 44 மணி நேரத்தில் 97 சதவீதம் என்றால் இரவு ஏறக்குறைய 1.40. மறுநாள் அப்படித்தான் போய் நின்றேன். வரி எண் கணக்கை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஆரம்பத்திலிருந்து எண்ண உட்கார்ந்துவிடும். 2.10-க்கு 600-ம் எண்ணுக்கு மேல் உள்ள ஸ்பிண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்திருந்தன. ஒரே பக்கம். அறுந்த இழையை உறிஞ்சும் நியூமாஃபில் பெட்டியில் பஞ்சு அடைத்திருந்தது. துப்புரவு செய்ய பத்து நிமிடம்.

லெஸ் தெரிந்துகொண்டேன், சரி. அடுத்த ஷிப்ட் ஃபிட்டருக்கும் கற்றுக்கொடு என்று நீங்கள் சொல்லலாம். கறுப்புத் திரையில் ஆங்கிலக் கட்டளை அடிக்க அவர் ஏன் பழக வேண்டும்? மணிக்கு ஒரு கோப்பு, மெஷினுக்கு ஒரு கோப்பு என்று நீங்கள் பிரித்து எழுதினால் அவர் டபுள் கிளிக் செய்வார், வேலை முடிந்தது. பெயரில் ஆண்டு, மாதம், நாள், மணி என்ற வரிசையில் வையுங்கள். நாள் எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து 1-ம் தேதியும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரிக்க மனமில்லை என்றால் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் போடுங்கள். அதுவும் ஒரே கோப்புதான், ஆனால் எந்த மணி, எந்த மெஷின் என்று கேட்டால் அதை மட்டும் எடுத்துத் தரும். 14, 2 முதல் 3 வரை என்று அடித்தால் அந்த 4 எம்பியைத் தனியே எடுத்துத் தரும் ஒரு பட்டனும் உங்கள் திரையில் வேண்டும்.

போன வருடம் உங்களில் ஒருவர் கோப்பை நவீனமாக்குகிறேன் என்று ஜேசான் (JSON) என்ற வடிவத்துக்கு மாற்றினார். ஒரு என்டர் கூட இல்லை, முழுக் கோப்பும் ஒரே வரி. அளவில் சிறியதுதான், இருந்தும் ஒரு எடிட்டரும் அசையவில்லை. ஒரே வரியை மடிக்கவும் கலர் போடவும் அதன் முனையைத் தேட வேண்டும், அது கிடைத்தால்தானே? சென்சாரின் ஒரு அளவீட்டுக்கு ஒரு வரி. இதைக்கூடக் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, தமிழ். மெஷின் நின்ற காரணத்தைத் தமிழில் பதியலாம் என்று செய்து கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. சைடர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தக் கட்டத்துக்கு 32 பைட் என்று வைத்து மீதியை வெட்டுகிறீர்கள். எழுத்துகளை பைட்டாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். "நூல்" என்பதே 12. "நூல் அறுந்தது" என்பதற்கு 37 பைட் வேண்டும். உங்கள் கத்தி கடைசி "த"வுக்கு நடுவில் விழுகிறது. "நூல் அறுந்த" என்று வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். பல எடிட்டர்கள் கோப்பின் தலைப்பகுதியை மட்டும் பார்த்து எழுத்து முறையை ஊகிக்கின்றன. அங்கே வெறும் எண்களாக இருந்தால் ஆங்கிலம் என்று முடிவு கட்டிவிடும், கீழே வரும் தமிழெல்லாம் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். முதல் வரியிலேயே தமிழில் தலைப்பு போடுங்கள். எக்ஸெல்லுக்குப் போகிற கோப்பென்றால் தொடக்கத்தில் அந்த 3 பைட் அடையாளத்தையும் சேருங்கள்.

எடிட்டர் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. இத்தனை ஜிபி, உன் கம்ப்யூட்டரில் இத்தனைதான் காலி, பார்க்க மட்டும் திறக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஈமேக்ஸ் என்ற எடிட்டர் 10 எம்பி தாண்டினாலே கேட்கிறது. கேட்டிருந்தால் அன்றைக்கு அந்த 20 நிமிடம் போயிருக்காது.

அடுத்த மாதம் உங்கள் ஆள் சர்வீஸுக்கு வருவதாக மெயில் வந்திருக்கிறது. இரவு ஷிப்டிலேயே வரச் சொல்லுங்கள். டீ எங்கள் செலவு. அந்த 3.8 ஜிபி கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். 14-ம் மெஷின், 2-லிருந்து 3. டபுள் கிளிக் செய்து எனக்குக் காட்டட்டும்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்து மெயின்டனன்ஸ்காரன்