நம்பிக்கையும் மழைமானியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விஞ்ஞானம் வளர வளர நம்பிக்கை தேய வேண்டும் என்றும், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அது தேயாமல் இருப்பதே நம் மக்களின் பின்னடைவுக்குக் காரணம் என்றும் சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில் அவரது அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால், ஒரே சொல்லுக்குள் இரு வேறு விடயங்களைப் போட்டு அவர் குழப்பிக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது.

‘நாளை மழை பெய்யும் என்று நம்புகிறேன்’ என்பதும் ‘உன்னை நம்பித்தான் வந்திருக்கிறேன்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதை நாளைய வானம் சரிபார்த்துவிடும். பின்னது தகவலே அல்ல; ஒருவர்மேல் சாய்ந்து நிற்பது. ‘நம்பு’ என்பதற்கு விருப்பம் என்று தொல்காப்பியம் பொருள் சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசிதான், அதில் ஐயமில்லை. மாரியம்மன் அந்த நோய்க்கான விளக்கமாக மட்டும் இருந்திருந்தால், அந்த ஆண்டோடு தோட்டத்துக் கோயில்களைப் பூட்டியிருக்க வேண்டும். கரகமும் தீமிதிப்பும் இன்றும் நடக்கின்றன. பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் தவறாமல் போடப்படுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தந்தை, ரோதை எனப்படும் இயந்திரச் சக்கரத்தின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குச் சேவல் அறுத்த கையால்தான் அந்த ரோதைக்குக் கிரீசும் பூசினார். ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அதற்காக, நம்பிக்கையின் பெயரில் சொல்லப்படுவதையெல்லாம் கேள்வியின்றி விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ‘கோயில் இருக்கும் மலை சரியாது’ என்று ஒருவர் சொன்னால், அது மலையைப் பற்றிய கூற்று. மண்ணையும் மழையையும் அளந்துதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீரின் அழுத்தம் ஏற ஏறத் துகள்களுக்கிடையேயான பிடிப்பு தளர்கிறது. சரிவுக்குத் தெய்வம் தெரியாது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்கவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துவது இதனால்தான்.

வாசகர், மண்சரிவு நடந்த எங்கள் மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தையும் குறிப்பிட்டு, சாமி காப்பாற்றும் என்று இருந்ததால் சனம் மாண்டது என்ற தொனியில் எழுதியிருப்பதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்ணுக்குள் போன லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஆபத்தான சரிவில் இருப்பது முன்னரே தெரிந்த விடயம். எழுந்து போவதற்கு அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி எங்கே இருந்தது? தமது பெயரில் இல்லாத லயத்து அறையில், காம்பிராவில், மூன்று நான்கு தலைமுறையாக இருந்தவர்கள் அவர்கள். இதை மூடநம்பிக்கை என்று எழுதுவது எளிது. அப்படி எழுதினால் காணியைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

இன்னொன்று. லயத்தில் இருப்பவர் எவரும் சரிவை அளந்து பார்த்து வெளியேறுவதில்லை. அளந்தவரின் சொல்லை நம்பி வெளியேறுகிறார். விஞ்ஞானமும் சாதாரண மனிதரிடம் நம்பிக்கையாகத்தான் வந்து சேர்கிறது. அந்தச் சொல் புரியும் மொழியிலும் உரிய நேரத்திலும் வர வேண்டாமா? எங்கள் தோட்டத்துக்கு ஒருமுறை வந்த எச்சரிக்கைக் கடிதம் மூன்று நாள் அலுவலக மேசையிலேயே கிடந்தது. அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

அதன் பின்னர்தான் பாடசாலைத் தோட்டத்தில் மாணவர்களைக் கொண்டு மழைமானி ஒன்றை வைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாத அடைமழையில் ஒரு மாலை, மேட்டு லயத்துச் சனம் பாய் தலையணையோடு பாடசாலை மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்த பூசாரி, மாடசாமியின் சூலத்தை ஈர வேட்டியில் சுற்றித் தோளில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும், “எத்தனை மில்லிமீற்றர் சேர்?” என்று கேட்டார். 160 என்றேன். “அப்ப இன்னைக்கு ராவு சாமியும் இங்கதான்” என்றவர், சூலத்தைக் கரும்பலகையின் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பதுளை மாவட்டம்.