பிரஷர் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 32 வருஷம் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவன். புதிதாக வரும் பையனுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவது, கேஜ் முள்ளை மட்டும் நம்பாதே என்பதுதான். வால்வை மூடினாலும் முள் ஏறித்தான் நிற்கும். தெருக்கோடியில் அடிபம்பு அடிக்கிறவருக்குக் காற்றுதான் வரும். வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போன ஆடியில் என் தம்பிக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் நடந்தது. காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக் அவன். மூன்றாம் நாள் காலை ஐசியூவில் பார்க்கவிட்ட ஐந்து நிமிஷத்தில், "பிரஷர் 110/70, நார்மல்" என்றார் டியூட்டி டாக்டர். ஆனால் தம்பியின் பாதம் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி சில்லென்று இருந்தது. முழங்காலைச் சுற்றி வலை விரித்தது போல ஊதாத் திட்டுகள். கேட்டதற்கு, "ஏசி ஓடுது பெரியவரே" என்றார்.

சாயந்திரம் டியூட்டிக்கு வந்த சிஸ்டர் ஒரு கண்ணாடி ஸ்லைடால் அவன் ஆள்காட்டி விரல் நுனியைப் பத்து செகண்டு அழுத்திவிட்டு, வாய்க்குள் எண்ணினார்.

"இன்னா சிஸ்டர் எண்றீங்க?"

"அழுத்துனா வெளுத்துடும்லப்பா, விட்டதும் மூணு செகண்டுக்குள்ள பழைய கலர் வரணும். இவருக்கு ஆறு ஆகுது."

உடனே பெரிய டாக்டருக்குப் போன் போனது. ரத்தத்தில் லாக்டேட் (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் ஒரு பொருள்) பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தைத்த இடம் கசிந்திருந்தது. அன்றிரவே மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். அந்த 110, மருந்து கொடுத்து ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்து வந்த 110 என்று பெரிய டாக்டர் அப்புறம் சொன்னார். எனக்கு மூடிய வால்வுதான் ஞாபகம் வந்தது.

நர்சிங் படிக்கும் தம்பி மகள் இதைப் பற்றித் தேடிப் படித்துச் சொன்னாள். பெரிய வயிற்று ஆபரேஷன் ஆனவர்களை நெதர்லாந்தில் கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் சிக்கல் வந்தவர்களுக்கு விரல் நுனி ரத்த ஓட்டம் முன்கூட்டியே குறைந்திருந்ததாம். தென் அமெரிக்காவில் கிருமித் தொற்றால் ரத்த ஓட்டம் சரிந்து 'ஷாக்' நிலைக்குப் போன 424 பேரிடம் 2019-இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்று. விரலை அழுத்திப் பார்த்துச் சிகிச்சை தந்த பக்கம் 28 நாளில் இறந்தவர்கள் 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்துத் தந்த பக்கம் 43.4. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். சரி, காசில்லாத சோதனை ரத்தப் பரிசோதனைக்குச் சளைக்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

இதுவும் ஏமாற்றும். அறை குளிர்ந்தாலும், வயதானாலும் கலர் மெதுவாகத்தான் திரும்பும். எங்களைப் போன்ற கறுத்த தோலில் நல்ல வெளிச்சம் இல்லாமல் தெரியாது. விரலில் மாட்டும் கிளிப் மெஷின் சிலவற்றில் 'பிஐ' என்று ஓட்டத்தைக் காட்டும் எண்ணும் வருகிறது, அதையும் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. லேத் பட்டறையில் துண்டான விரலை ஒட்டிய பிறகு இப்படி அழுத்தி அழுத்திப் பார்ப்பது வழக்கம்தான். கை அறுவைச் சிகிச்சைக்குப் பேர்போன ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிற வட்டாரம் இது. விரலுக்குச் செய்வதை ஆளுக்கும் செய்தால் என்ன?

அந்த சிஸ்டர் கட்டிலில் தொங்கிய அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் தினமும் எழுதிவைத்தார்: 6, 5, 4, 4, 3. பிரஷர், பல்ஸ் எதுவும் புரியாத என் தம்பி மனைவி அந்த வரிசையைப் பார்த்துத்தான் ஐந்தாம் நாள் வெளியே போய் ஒரு டீ குடித்தாள். எல்லா ஐசியூ கட்டிலிலும் அப்படி ஒரு வரி எழுத வேண்டும், பார்க்க வருகிறவர்களிடம் அதையும் சொல்ல வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21