'குடியுரிமைப் போராளி' யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பேச்சுரிமை வழக்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பேச்சு, வழிபாடு போன்றவற்றில் அரசு கை வைக்கக் கூடாது என்று வாதாடுகிற, ஆங்கிலத்தில் 'சிவில் லிபர்ட்டேரியன்' எனப்படும் வழக்கறிஞர்கள் முதலில் 'குடியுரிமைப் போராளிகள்' ஆகிறார்கள். அடுத்த பத்தியில் 'தாராளவாதிகள்', கடைசியில் 'சமூக ஆர்வலர்கள்'. மூன்றும் ஒரே ஆட்களைத்தான் குறிக்கின்றன என்பதை மூலக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது.

இவற்றில் பெரிய பிழை குடியுரிமை. ஒருவர் எந்த நாட்டின் குடிமகன் என்பதைச் சொல்லும் சொல் அது. 2019 திருத்தச் சட்டத்துக்குப் பின் தமிழ் வாசகர் யாரும் அதற்கு வேறு பொருள் கொள்ள மாட்டார்கள். இந்தக் குழப்பம் சட்டப் பெயரிலேயே இருக்கிறது. 1955-இல் நாடாளுமன்றம் இயற்றிய தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் 1976-இல் திருத்தப்பட்டபோது, ஆங்கிலத்தில் 'சிவில் உரிமைகள் பாதுகாப்பு' என்ற புதிய பெயரைப் பெற்றது. தமிழில் அதைப் பலர் 'குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955' என்றே எழுதுகிறார்கள். உண்மையான குடியுரிமைச் சட்டத்துக்கும் ஆண்டு 1955தான்! தேநீர்க்கடையில் தனிக் குவளை வைத்தவர் மீது பதிவான வழக்கு, செய்தியில் கடவுச்சீட்டுத் தகராறு போலத் தோன்றுவது இப்படித்தான். 'குடிமை உரிமைகள்' என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் 'சிவில் உரிமை' என்பதற்கு உள்ள பொருள் மிகக் குறுகியது. அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததால் ஒருவருக்குக் கிடைக்கும் உரிமை, அவ்வளவே. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது இந்தப் பொருளை அங்கே கொண்டுபோகக் கூடாது. இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் உணவகத்திலும் விடுதியிலும் பாகுபாடு காட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. வேலையைப் பொறுத்தவரை பாலினத்தையும் அதில் சேர்க்கிறது.

'சிவில்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே நிலையான வீடு கிடையாது என்பதும் உண்மை. நீதிமன்றத்தில் அது உரிமையியல், தேர்வாணையத்தில் குடிமைப் பணி, பொறியியல் கல்லூரியில் கட்டடவியல், போரில் உள்நாட்டு, காந்தியின் இயக்கத்தில் சட்டமறுப்பு. நீதிமன்றச் சொல்லை எடுத்தால் 'உரிமையியல் உரிமை' என்றாகிவிடும். ஆகவே சிவில் உரிமை அல்லது குடிமை உரிமை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்து இதழ் முழுவதும் அதையே பின்பற்றுவது நல்லது.

இனி 'சிவில் லிபர்ட்டேரியன்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்க வழக்கில் 'சிவில் ரைட்ஸ்' வேறு, 'சிவில் லிபர்ட்டீஸ்' வேறு. முன்னது சம நடத்தை பற்றியது. அதைப் பெற்றுத்தர அரசு தலையிட வேண்டும் என்பது கோரிக்கை. பின்னது பேச்சு, கூட்டம், வழிபாடு, அந்தரங்கம் போன்றவற்றில் அரசு கை வைக்கக் கூடாது என்பது. முன்னதற்கு 1909-இல் தொடங்கிய, கறுப்பின மக்களின் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு எடுத்துக்காட்டு. பின்னதற்கு 1920-இல் தொடங்கிய, பேச்சுரிமை போன்றவற்றுக்காக வழக்காடும் ஏ.சி.எல்.யு. அமைப்பு.

இரண்டும் கைகோத்த வழக்கும் உண்டு, மோதிக்கொண்ட வழக்கும் உண்டு. என்.ஏ.ஏ.சி.பி. தன் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்க வேண்டும் என்று அலபாமா மாநிலம் கேட்டது. பெயர்கள் வெளியானால் உறுப்பினர்களின் வேலை போகும், உயிருக்கே ஆபத்து வரும். 1958-இல் உச்ச நீதிமன்றம் சங்கம் சேரும் சுதந்திரத்தைக் காட்டி, பட்டியலைத் தர வேண்டியதில்லை என்றது. இங்கே லிபர்ட்டி ரைட்ஸுக்குக் கவசம். மாறாக 1977-இல், நாஜிப் படுகொலையிலிருந்து தப்பியவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற சிகாகோ புறநகரில் ஊர்வலம் போக நவ நாஜிக் குழு ஒன்று அனுமதி கேட்டபோது, அவர்களுக்காக வழக்காடியது ஏ.சி.எல்.யு. உறுப்பினர்கள் பெருமளவில் விலகினார்கள். ஊர்வலம் கடைசியில் ஸ்கோக்கியில் நடக்கவில்லை என்பது வேறு. அந்த வழக்கறிஞர்கள்தான் அசலான சிவில் லிபர்ட்டேரியன்கள்: கருத்தை வெறுத்துக்கொண்டே, அதைச் சொல்லும் உரிமைக்காக வாதாடுகிறவர்கள். அவர்களைச் 'சமூக ஆர்வலர்' என்றால் கதையின் முள்ளே போய்விடுகிறது.

'தாராளவாதி' என்பது லிபரலுக்கான சொல். நம் வாசகருக்கு அது தாராளமயத்தையும் நினைவூட்டும். அடைமொழியில்லாத 'லிபர்ட்டேரியன்' இன்னொரு ஆள்: வரியும் அரசும் குறைந்தபட்சமாக இருந்தால் போதும் என்பவர், 1971-இல் அமெரிக்காவில் அந்தப் பெயரில் கட்சியே தொடங்கினார்கள். சிவில் லிபர்ட்டேரியனோ வரிக்கும் நலத்திட்டத்துக்கும் ஆதரவாளராகவே இருக்கலாம். 'சுதந்திரவாதி' என்று சுருக்கினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். 'சிவில் சுதந்திரச் செயற்பாட்டாளர்' நீளம்தான், ஆனால் பிழையில்லை. 'வாதி' விகுதி எனக்கு உவப்பில்லை. நாளிதழ்த் தமிழில் அது தீவிரவாதி, பிரிவினைவாதி என்ற வரிசையில்தான் பழகியிருக்கிறது.

இந்தியச் செய்தியில் இந்த அளவு பிரிக்கத் தேவையில்லை. 1936-இல் நேருவின் முயற்சியில், தாகூரைத் தலைவராகக் கொண்டு அமைந்த சங்கத்தின் பெயரில் லிபர்ட்டீஸ்தான் இருந்தது. 1976-இல், நெருக்கடி நிலையின்போது ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பின் பெயரில் சிவில் லிபர்ட்டீஸ், ஜனநாயக உரிமைகள் இரண்டும் இருந்தன. பின்னர் அது பி.யு.சி.எல்., பி.யு.டி.ஆர். என இரண்டானது. பி.யு.சி.எல்.லின் தமிழ்ப் பெயர் 'மக்கள் சிவில் உரிமைக் கழகம்'. லிபர்ட்டியை உரிமை என்றே அவர்கள் பெயர்த்துக்கொண்டார்கள். இங்கே 'உரிமை' என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

ஆளைக் குறிக்கும் பின்பாதியிலும் கவனம் வேண்டும். 'ஆர்வலர்' என்றால் ஏரி தூர்வாருபவரும் அதில் அடக்கம். சிறை சென்ற வழக்கறிஞரும் அடக்கம். 'போராளி' ஈழத் தமிழ் வாசகருக்கு ஆயுதம் ஏந்தியவர்; மார்ட்டின் லூதர் கிங்குக்கு அது பொருந்தாது. ஆங்கிலத்தில் 'சிவில் ரைட்ஸ் வொர்க்கர்' என்று வந்தால் 'தொழிலாளி' என்று எழுதிவிடக் கூடாது. 1964 ஜூனில் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட சேனி, குட்மேன், ஷ்வெர்னர் மூவரையும் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் இயக்கத்தின் களப்பணியாளர்கள் அவர்கள்.

அச்சில் போனது போகட்டும். இணையப் பதிப்பின் தலைப்பில் உள்ள 'குடியுரிமை'யையாவது இந்த வாரமே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
சட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி