பந்தை உதைக்கும் முன்பே விதியை எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் கழிந்ததும் அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் சீசன் தொடங்கிவிடும். இங்கே அமெரிக்காவில் வாழும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சீண்டல் இப்போதே ஆரம்பமாகிவிட்டது. கவ்பாய்ஸ் ரசிகரை ஈகிள்ஸ் ரசிகர் விடுவதில்லை, பேர்ஸ் ரசிகரை பேக்கர்ஸ் ரசிகர் விடுவதில்லை. பேக்கர்ஸும் பேர்ஸும் முதலில் மோதியது 1921-இல். நூறு ஆண்டு தாண்டியும் அந்தப் பகை இனிக்கிறது. இந்தக் கேலி இல்லாமல் ஆட்டம் பார்ப்பதில் பாதிச் சுவைகூட இருக்காது.

ஆனால் நவம்பர் வாக்கில் சில நண்பர்கள் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கவனித்துப் பார்த்தால், தகராறுக்குக் காரணம் டீம் மீதான பற்று அல்ல. பந்தயம் கட்டியபோது பேசி முடிக்காத ஏதோ ஒரு விதிதான். அதனால் முதல் ஆட்டம் தொடங்கும் முன் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் பதிந்து, எல்லோரிடமும் ‘சரி’ வாங்கிவிடுங்கள். எவற்றை எழுத வேண்டும் என்று சொல்லவே இக்கடிதம்.

முதலில், யாரோடு பந்தயம்? “உன் டீமை விட என் டீம் அதிகம் ஜெயிக்கும்” என்பதுதான் மிகப் பழைய பந்தயம். இதை ஒரே டிவிஷனுக்குள் வைத்துக்கொள்வதே நியாயம். 32 டீம்கள், நான்கு நான்காக எட்டு டிவிஷன்கள். ஒவ்வொரு டீமுக்கும் 18 வாரங்களில் 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. ஒரே டிவிஷனில் உள்ள இரண்டு டீம்களின் அட்டவணையில், அவை தங்களுக்குள் மோதும் இரண்டையும் சேர்த்து, 14 ஆட்டங்கள் ஒன்றுபோல இருக்கும். மீதி மூன்று மட்டும் சென்ற ஆண்டு எந்த இடத்தில் முடித்தன என்பதைப் பொறுத்து மாறும். கடைசி இடத்தில் முடித்த டீமுக்குக் கடைசி இடத்து எதிரிகள், முதலிடத்துக்கு முதலிடத்து எதிரிகள். ஆகவே ஜயன்ட்ஸ் ரசிகரும் கமாண்டர்ஸ் ரசிகரும் தாராளமாகக் கணக்குப் பார்க்கலாம். கவ்பாய்ஸ் ரசிகரும் ரேவன்ஸ் ரசிகரும் வெற்றிகளை எண்ணிப் பந்தயம் கட்டினால், ஒருவர் ஏறியது மலை, மற்றவர் ஏறியது மேடு என்று டிசம்பரில் வாக்குவாதம் வரும்.

இரண்டு டீமும் சமமாக முடித்தால்? புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், லீக் பயன்படுத்தும் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிவிஷனுக்குள் என்றால் முதலில் நேருக்கு நேர் மோதிய முடிவு, அடுத்து டிவிஷன் ஆட்டங்களின் முடிவு, பிறகு பொது எதிரிகளோடு ஆடிய ஆட்டங்கள், பிறகு கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதாவது லீக்கின் இரு பாதிகளில் தங்கள் பாதிக்குள் ஆடியவை. அதற்கு மேல் போவது அபூர்வம். பந்தயம் 17 ஆட்டங்களோடு முடிகிறதா, அதன் பின் வரும் ப்ளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றும் சேருமா என்பதையும் எழுதுங்கள். இது பலருக்கு ஜனவரியில்தான் நினைவுக்கு வருகிறது.

வாராவாரம் வெற்றியாளரைக் கணிக்கும் போட்டி பல அலுவலகங்களில் உண்டு. அதிலும் எடை வைத்துக் கணிக்கும் முறை சுவையானது: 16 ஆட்டமிருந்தால், மிக உறுதியாக நம்பும் ஆட்டத்துக்கு 16, சந்தேகமானதற்கு 1 என்று புள்ளி வைக்க வேண்டும். மொத்தம் 136. சிக்கல் ஓய்வு வாரங்களில் வருகிறது. நான்கு டீம்கள் ஓய்வெடுத்தால் 14 ஆட்டம்தான். அப்போது 14 முதல் 1 வரையா, 16 முதல் 3 வரையா? முதல் முறையில் அந்த வாரத்தின் மொத்தம் 105, இரண்டாவதில் 133. ஓய்வு வாரங்கள் சீசனின் நடுவில் குவிவதால், எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது இறுதி வரிசையையே மாற்றக்கூடும். எல்லா வாரத்துக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பு இருப்பதால் இரண்டாவது முறையே நல்லது என்பது என் கருத்து.

கெடு நேரம் இன்னொரு பொறி. ஞாயிறு பகல் ஒரு மணி என்று பொதுவாக வைத்துவிடுகிறார்கள். ஆனால் வாரம் வியாழன் இரவே தொடங்கிவிடுகிறது. நன்றி நவிலல் நாளில் மூன்று ஆட்டங்கள், அவற்றில் முதலாவது மதியமே தொடங்கும். லண்டன் போன்ற இடங்களில் நடக்கும் ஞாயிறு ஆட்டங்கள் கிழக்குக் கடற்கரை நேரப்படி காலை 9:30-க்கு, கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு 6:30-க்கு. எனவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் தொடக்க நேரமே கெடு என்று வைப்பதுதான் ஒரே வழி. ஒருவர் மறந்துவிட்டால், அந்த வாரத்தின் மிகக் குறைந்த எடை அந்த ஆட்டத்துக்குப் போய்த் தோல்வியாகக் கணக்காகட்டும். தண்டனை சிறிதாக இருந்தால் யாரும் கெஞ்ச மாட்டார்கள், ஒருங்கிணைப்பாளரும் தர்மசங்கடப்பட வேண்டாம்.

‘சர்வைவர்’ போட்டியில் வாரம் ஒரு டீமை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தோற்றால் வெளியே, ஜெயித்தால் அந்த டீமை மறுபடி தொடக்கூடாது. ஆட்டம் சமனில் முடிந்தால் என்ன செய்வது என்று எழுதாத குழுக்கள் ஏராளம். வழக்கமான சீசனில் கூடுதல் நேரம் பத்து நிமிடம் மட்டுமே. 2025 முதல் இரண்டு டீமுக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருப்பதால், நேரம் தீர்ந்து சமனாவது நடக்கக்கூடியதே. 2025 செப்டம்பர் 28 அன்று பேக்கர்ஸும் கவ்பாய்ஸும் 40-40 என்று முடித்தன. அன்று பேக்கர்ஸைத் தேர்ந்தெடுத்தவர் பிழைத்தாரா இல்லையா? பெரும்பாலான இடங்களில் சமன் என்றால் தோல்வி. அப்படியே இருக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும். மிஞ்சியிருந்த எல்லோரும் ஒரே வாரத்தில் வெளியேறினால் அனைவரும் தொடர்வார்களா, பரிசைப் பகிர்வார்களா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

ஃபேண்டசி லீக்தான் அதிகம் மனக்கசப்பு உண்டாக்குவது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் ஒவ்வொருவரும் நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்துக் கற்பனை டீம் அமைத்து, அவர்களுடைய ஆட்டம் தரும் புள்ளிகளை வைத்து வாராவாரம் ஒருவரோடொருவர் மோதுவார்கள். பத்து அல்லது பன்னிரண்டு பேர் போதும், அதற்கு மேல் போனால் தேறும் குவார்ட்டர்பேக் (பந்தை எறியும் முக்கிய வீரர்) எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை, பயிற்சி ஆட்டங்கள் முடிந்து டீம்கள் 53 பேராகக் குறைந்த பிறகு, ஆகஸ்ட் இறுதியில் வையுங்கள். முன்னதாக வைத்தால், முதலில் எடுத்த வீரர் பயிற்சி ஆட்டத்தில் காயமடைந்து, தேர்ந்தெடுத்தவரின் சீசன் தொடங்கும் முன்பே முடிந்துபோகிறது. தேர்வு வரிசை பாம்பு போல வளைந்து திரும்ப வேண்டும்: பன்னிரண்டு பேரில் முதலாமவருக்கு 1-ஆம், 24-ஆம் தேர்வு, கடைசியாளருக்கு 12, 13. அந்த வரிசையைக் குலுக்கும்போது எல்லோரும் பார்க்கும்படி குலுக்குங்கள். ஒருங்கிணைப்பாளர் தனியே குலுக்கி, முதல் இடம் அவருக்கே விழுந்தால் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு வரும்.

புள்ளி முறையில் முக்கியமான கேள்வி, பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி உண்டா, அரையா, இல்லையா என்பது. ஒரு புள்ளி என்றால் ஆறு ஏழு சிறு பாஸ்களைப் பிடிக்கும் வீரரின் மதிப்பு ஒரே பாய்ச்சலாக உயர்ந்துவிடும். டிராஃப்டுக்குப் பிறகு இதை மாற்றுவது ஆட்டத்தின் நடுவில் கோல் கம்பத்தை நகர்த்துவதற்குச் சமம். மற்றவை பெரும்பாலும் வழக்கத்தில் உள்ளபடியே இருக்கலாம்: 25 கெஜம் எறிந்தால் 1, எறிந்த டச் டவுனுக்கு (பந்தை எதிரியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதற்கு) 4, ஓடியோ பிடித்தோ 10 கெஜம் போனால் 1, டச் டவுனுக்கு 6.

வீரர்களைக் கைமாற்றுவதற்கு 11-ஆம் வாரத்தோடு கெடு வையுங்கள். அதன் பிறகு வாய்ப்பிழந்தவர்கள் தங்கள் நல்ல வீரர்களை நெருங்கிய நண்பருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. பொதுப் பட்டியலில் மிஞ்சிய வீரர்களை எடுக்க, ஆளுக்கு 100 கற்பனை டாலர் கொடுத்து, சீசன் முழுவதற்கும் மூடிய ஏலம் நடத்துவது சிறந்தது. முந்துபவருக்கே வீரர் என்றால், ஞாயிறு இரவு கண்விழிக்க முடிந்தவர்தான் ஜெயிப்பார்.

பாதியில் கைவிடப்பட்ட டீம் இன்னொரு நோய். 0-6 என்று இருப்பவர் ஓய்வு வாரத்து வீரர்களை அப்படியே களத்தில் விட்டுவிடுகிறார். அந்த வாரம் அவரை எதிர்ப்பவருக்கு இனாமாக ஒரு வெற்றி. இதற்கு மருந்து, வாரத்தின் அதிகப் புள்ளிக்குச் சிறு பரிசும், கடைசி இடத்துக்கு ஒரு பொறுப்பும். உதாரணமாக, அடுத்த ஆண்டு டிராஃப்டுக்கு அவர் வீட்டில் விருந்து.

இறுதிப் போட்டியை 17-ஆம் வாரத்தில் முடித்துவிடுங்கள். 18-ஆம் வாரத்தில், ப்ளேஆஃப் இடத்தை உறுதி செய்துவிட்ட டீம்கள் முக்கிய வீரர்களை உட்காரவைத்துவிடும். சீசன் முழுக்கத் தோள் கொடுத்த குவார்ட்டர்பேக் அன்று களத்துக்கே வரமாட்டார். அத்தோடு, ரத்தான ஆட்டத்துக்கு ஒரு விதி எழுதுங்கள். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பில்ஸ்-பெங்கல்ஸ் ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் டமார் ஹாம்லின் இதயம் நின்று விழுந்தார். ஆட்டம் நின்றது, பிறகு ரத்தானது. அது 17-ஆம் வாரத்துத் திங்கள் இரவு ஆட்டம். நாடெங்கும் ஃபேண்டசி இறுதிப் போட்டிகள் அந்தரத்தில் நின்றன, பெரும்பாலோரிடம் விதி இல்லை. “ரத்தானால் கோப்பை பகிரப்படும்” என்ற மூன்று சொல் போதும். அன்று ரசிகர்கள் நடந்துகொண்ட விதம் பெருமைக்குரியது. ஹாம்லின் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க 2,500 டாலர் இலக்கு வைத்துத் திரட்டிவந்த நிதிக்கு, எல்லா டீம் ரசிகர்களும் சேர்ந்து 80 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள்.

அங்கிருந்து பந்தயப் பொருளுக்கு வருகிறேன். பணம் வேண்டாம். விளையாட்டுப் பந்தயச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, பெரிய தொகை நட்பையும் தின்றுவிடுகிறது. தோற்றவர் ஜெயித்தவரின் ஜெர்சியை அணிவது நல்ல வழக்கம். எந்த நாள், எத்தனை மணி நேரம், யார் ஜெர்சி வாங்குவது, புகைப்படம் எங்கே பதியலாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அலுவலகத்தில் வாடிக்கையாளரைச் சந்திக்கும் நாளுக்கு விலக்கு வேண்டும்.

அதைவிடச் சிறந்தது நன்கொடை. ஜெயித்தவர் சொல்லும் அறப்பணிக்கு, வித்தியாசம் எத்தனை புள்ளியோ அத்தனை டாலர். 27-20 என்றால் ஏழு. உச்சவரம்பு கட்டாயம். 2023 செப்டம்பரில் டால்ஃபின்ஸ் பிராங்கோஸை 70-20 என்று வென்றதே! இந்த மரபுக்கு வேர் உண்டு. 2017 கடைசி நாளில் பெங்கல்ஸின் ஆண்டி டால்டன் எறிந்த டச் டவுனால் ரேவன்ஸ் தோற்க, அதன் பலனாகப் பஃபலோ பில்ஸ் 17 ஆண்டுகளுக்குப் பின் ப்ளேஆஃப் சென்றது. நன்றியாக பில்ஸ் ரசிகர்கள் டால்டனின் அறக்கட்டளைக்குப் பதினேழு பதினேழு டாலராக அனுப்பினார்கள். கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் இரண்டும் யார் அதிகம் ரத்ததானம் செய்வது என்றே ஆண்டுதோறும் போட்டி நடத்துகின்றன.

கேலிக்கும் வரம்பு வேண்டும். காயமடைந்த வீரரைப் பற்றிக் கேலி கூடாது, வீட்டாரை இழுக்கக் கூடாது. ஸ்டீலர்ஸ் ரசிகர் சுழற்றும் மஞ்சள் துண்டை மிதிக்காதீர்கள். அதன் உரிமையை, அதை அறிமுகப்படுத்திய ஸ்டீலர்ஸ் வானொலி வர்ணனையாளர் மைரன் கோப் 1996-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அலகேனி வேலி பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார், விற்பனை வருவாய் அங்கேதான் போகிறது. ஆட்டம் ஓடும்போது குழுவில் “டச் டவுன்!” என்று பதியவும் வேண்டாம். இணையத்தில் பார்ப்பவருக்குக் கேபிளைவிட அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகப் படம் வரும், உங்கள் ஒரு சொல் அவருடைய பரவசத்தைப் பறித்துவிடும். கடைசி விசில் வரை பொறுங்கள். அல்லது உடனுக்குடன் பேச விரும்புவோர் தனிக் குழு வைத்துக்கொள்ளட்டும்.

எதிரி டீமின் மைதானத்துக்கு நண்பரோடு போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. கையடக்கச் சிறு பர்ஸைத் தவிர, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை மட்டுமே அனுமதி, அளவு 12 x 6 x 12 அங்குலத்துக்குள். சீசனின் பிற்பகுதியில் ஆட்ட நேரம் தொலைக்காட்சிக்காக மாற்றப்படலாம். 18-ஆம் வாரத்து நாளும் நேரமும் 17-ஆம் வாரம் முடிந்த பிறகே தெரியும். மாற்ற முடியாத விமானச் சீட்டை வாங்கிவிடாதீர்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் புதன்கிழமைதோறும் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள்: அந்த வார ஆட்டங்கள், கிழக்கு மற்றும் பசிபிக் நேரம், ஓய்வெடுக்கும் டீம்கள். வியாழனன்று வெளியிட்டால் முதல் கெடுவுக்குச் சில மணி நேரமே இருக்கும் என்பதால் புதனே பொருத்தமான நாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நியூஜெர்சி