மூன்றடி வழி விடுங்கள்: வாய்க்கால் கரைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு வாய்க்கால் கரையின் குறுக்கே, போன வைகாசியில் இரும்புக் கேட் ஒன்று போட்டீர்கள். எந்த வாய்க்கால், எந்த மதகு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஏன் போட்டீர்கள் என்பதும் ஊருக்கே தெரியும். ராத்திரியில் டிராக்டர் வந்து கரை மண்ணை அள்ளிக்கொண்டு போனது. கரை பலமிழந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. ஆகவே கேட்டை எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அது இருக்கட்டும். அதன் பக்கத்தில் சைக்கிள் போக மூன்றடி வழி விடுங்கள்.

இதையே இரண்டு முறை மனுவாகக் கொடுத்தேன். ரசீது கையில் இருக்கிறது, பதில் வரவில்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தேனிக்காரன். இருபது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கைச் சைக்கிளில் சுற்றுகிறேன். விடியுமுன் கிளம்பி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரை போனால் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். ஆனால் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமென்றால் வாய்க்கால் கரையில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் நெல் வயல், மறு பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல், தலைக்கு மேலே மேகமலை. தண்ணீர் ஓடும் வாட்டத்திலேயே கரையும் போவதால் மேடு ஏறுவதே தெரியாது, அறுபது வயதுக்காரரும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். ஆடியில் மேற்கிலிருந்து காற்று வரும்போது நெடுஞ்சாலையில் சைக்கிளை நேராகப் பிடிக்க முடியாது. பந்தல் ஓரமாகப் போனால் அந்தக் காற்றில் பாதிதான் மேலே படும்.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். நானும் இரண்டு நண்பர்களும் அந்தக் கேட்டின் முன்னால் போய் நின்றோம். குறுக்கே இரண்டு இரும்புக் குழாய், பெரிய பூட்டு. வாய்க்கால் பக்கத்துத் தூண் தண்ணீர் விளிம்பிலேயே நிற்கிறது. வயல் பக்கத்துத் தூணை ஒட்டிச் சீமைக் கருவேல முள்ளை வெட்டி அடைத்திருக்கிறார்கள். இடைவெளி என்று பார்த்தால் ஒரு சாண். கேரியரில் இரண்டு பக்கமும் பை, உள்ளே இரண்டு நாள் துணி, பஞ்சர் சாமான், தண்ணீர். எல்லாவற்றையும் அவிழ்த்து இறக்கிக்கொண்டிருந்தோம்.

அப்போது பின்னால் ஓர் அக்கா சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஹேண்டில்பாரில் தூக்குவாளி, இடுப்பில் செருகிய சின்னக் கத்தரி. திராட்சைக் கொத்தில் அழுகின பழத்தை நறுக்கி எடுப்பார்களே, அந்தக் கத்தரி. எங்களைப் பார்த்து அவர் நிற்கவில்லை. தூக்குவாளியைக் கழற்றிக் குழாய்க்கு அந்தப் பக்கம் வைத்தார், சேலையைத் தூக்கிச் செருகினார். முன்சக்கரத்தை மேல் குழாயில் ஏற்றி, பின்பக்கத்தைத் தோளால் முட்டித் தள்ளினார். சங்கிலி குழாயில் உரசிக் கிரீச்சென்றது. சைக்கிள் அந்தப் பக்கம் போய் விழுந்தது. பிறகு தூணை ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீருக்கு மேல் ஒரு காலை வீசி அவரும் தாண்டினார். தண்ணீர் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

"பைய வாங்க தம்பி, அந்தக் கல்லு வழுக்கும்" என்றார்.

"தெனமும் இப்படித்தானாக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டு போட்ட நாள்ல இருந்து இப்படித்தான். சாயங்காலம் ஒருக்க, காலையில ஒருக்க. மழை பேஞ்சா மட்டும் ரோட்டுல சுத்திப் போவேன். ரோட்டுல போனா அரை மணி நேரம் பிந்தும், தோட்டத்துல ஏசுவாங்க."

சைக்கிளை நிமிர்த்தி, இடுப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினார்.

அவர் போன பிறகு கேட்டைக் கவனித்துப் பார்த்தேன். மேல் குழாய்க்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். அதில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் பெயிண்ட் சுத்தமாகத் தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு பளபளக்கிறது. அங்கேதான் சைக்கிள்களை ஏற்றித் தள்ளுகிறார்கள். ஆறே மாதத்தில் அந்தளவு தேய வேண்டுமென்றால் எத்தனை சைக்கிள் அதன் மேல் ஏறி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். கேட்டுக்கு இருபதடி முன்னால் டிராக்டர் டயர்த் தடம் கரையிலிருந்து தரிசு வயலில் இறங்குகிறது. கேட்டைத் தாண்டிப் போய் மறுபடி கரை மேல் ஏறுகிறது. தடம் புதிது, ஈரம் கூடக் காயவில்லை. யாரைத் தடுக்க அந்தக் கேட்டைப் போட்டீர்களோ அவர்கள் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூலிக்குப் போகிற அந்த அக்காவைத்தான் அது தடுக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, மன்னிக்க வேண்டும்.

ரோட்டில் சுற்றிப் போகலாமே என்று சொல்லிவிடுவீர்கள். அன்றைக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம், திரும்பும்போது சாமானோடு மறுபடி தூக்க எங்களுக்குத் தெம்பில்லை. கார்த்திகையும் மார்கழியும் அந்த நெடுஞ்சாலை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சபரிமலைக்குப் போகிற வேன், பஸ், கார், எல்லாம் இந்த வழிதான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி வருகிற டிரைவர்கள். தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம், அதற்கப்புறம் மண். ஒரு டூரிஸ்ட் பஸ் என் நண்பரின் பையை உரசிக்கொண்டு போனது. அவர் மண்ணில் இறங்கி விழுந்தார். முழங்கையில் ஐந்து தையல், அதோடு போயிற்று. அந்த அக்கா மழை பெய்கிற நாளெல்லாம் அந்த ரோட்டில்தான் போகிறார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படித்தான். அரசாங்கம் பிளஸ் 1 பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம், எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகள் அதனால்தான் படிப்பை விடாமல் இருக்கிறார்கள். அந்தச் சைக்கிளை மிதிக்கப் பத்திரமான பாதை ஒன்று, தண்ணீரோடு சேர்ந்து 1895-லிருந்து நமக்குக் கிடைத்த பாதை, கண்ணெதிரே கிடக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்ததால்தான் இங்கே 14,707 ஏக்கரில் இரு போகம் விளைகிறது. அதற்காக இன்றைக்கும் ஜனவரி 15 அன்று, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீர் ஓடும் கரையில் நடக்கவும் மிதிக்கவும் எங்களுக்கு உரிமை இல்லையா?

2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் எல்லோருக்கும் பெருமைதான். அதற்கப்புறம் தோட்டம் பார்க்க வருகிற கார்களும் கூடிவிட்டன. அவர்கள் வரட்டும், நாலு காசு புழங்கட்டும். ஆனால் சுற்றுலா என்று பேச ஆரம்பித்தாலே நமக்கு கார் நிறுத்தும் இடம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஓசையில்லாமல், புகையில்லாமல், இந்த ஊர்க் கடையில் இட்லி தின்று, இந்த ஊர் லாட்ஜில் தங்கி, தோட்டத்திலேயே இரண்டு கிலோ பழம் வாங்கிப் போகிற சைக்கிள்காரன் யார் கணக்கிலும் இல்லை. மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டு போகிறவரும், பழம் வெட்டப் போகிறவரும் கூட அப்படித்தான் விட்டுப்போகிறார்கள். சாலை போடுகிறவர், பாலம் கட்டுகிறவர், கேட் போடுகிறவர், ஒருவர் தாளிலும் சைக்கிள் என்ற சொல் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன்.

காட்டுக்குள் சைக்கிளில் விடச் சொல்லி நான் கேட்கவில்லை. 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். 2023-இல் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்து போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். மலையடிவாரத்தில் இருட்டிய பிறகு சைக்கிள் ஓட்டக் கூடாது என்று நாங்களே எங்களுக்குள் வைத்திருக்கிறோம். சோதனைச் சாவடியில் திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுவோம். அந்தத் தடைக்குக் காரணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தடுக்க என்ன காரணம் என்றுதான் கேட்கிறேன்.

சாதாரணச் சைக்கிளின் ஹேண்டில்பார் அகலம் இரண்டடி. பக்கவாட்டில் பையோ புல்லுக்கட்டோ இருந்தாலும் மூன்றடி போதும். வயல் பக்கத்துத் தூணை மட்டும் மூன்றடி உள்ளே தள்ளி நட்டு, முள்ளை எடுத்துவிட்டால் முடிந்தது. அதில் டிராக்டர் நுழையாது. டூவீலர் நுழையும் என்பீர்கள். நுழையட்டும், டூவீலரில் வந்து கரையை அள்ளிக்கொண்டு போக முடியாது. கோயிலில் பெரிய கதவைச் சாத்தினால் கூட ஆள் போக ஒரு திட்டிவாசல் வைத்திருப்பார்கள். அந்த அளவுக்குத்தான் நாங்கள் கேட்கிறோம். டிராக்டரைத் தடுக்க வேண்டுமென்றால், அது வயலில் இறங்குகிற இடத்தில் நாலு கல் நடுங்கள். இடத்தை நானே வந்து காட்டுகிறேன்.

ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது, இந்த வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். திறந்த பிறகென்றால் அந்த அக்கா மறுபடி ஓடுகிற தண்ணீருக்கு மேல்தான் காலை வீச வேண்டும்.

தயவுசெய்து ஒரு காலை ஏழு மணிக்கு அங்கே வந்து நில்லுங்கள். பெயிண்ட் தேய்ந்த இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு மூன்றடி வழி விடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
தேனியிலிருந்து ஒரு சைக்கிள்காரன்