எஸ்டேட் பள்ளி பெற்றோர் – முன்னாள் மாணவர் சங்கம், வால்பாறை: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

சங்கத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தலைமையாசிரியர் உள்ளிட்ட ஆசிரியப் பெருமக்களே, கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் பள்ளிக்கென்று ஒதுக்கி வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, முன்னாள் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

நம் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதற்குப் பள்ளிதான் காரணம் என்று வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது. நிர்வாகக் குழு இதை ஏற்கவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வால்பாறையில் 90,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 2011-ல் அது 70,859 ஆகிவிட்டது. ஊரே காலியாகும்போது பள்ளி மட்டும் எப்படி நிறையும்? எஸ்டேட் வீடு வேலையோடு வரும் வீடு, வேலையோடு போகும் வீடு. ரிட்டயர் ஆனதும் பணிக்கொடையையும் பி.எஃப். பணத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று, நான்கு தலைமுறை இங்கே கொழுந்து பறித்த குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருப்பதில்லை. அதனால் பிள்ளைகள் முன்னதாகவே திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிடுகிறார்கள். அவர்களோடு பேரப்பிள்ளைகளும் போய்விடுகிறார்கள். காலியான லைன் வீடுகளுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. நம் பள்ளியின் இனிவரும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். இதை ஏற்றுக்கொண்டு வேலை செய்தால்தான் பள்ளி நிற்கும் என்பது குழுவின் முடிவு. இந்த ஆண்டுப் பணிகள் எல்லாம் அதை ஒட்டியே நடந்தன.

முதலில் ஆகஸ்ட் 1 பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் பலருக்கு இது இன்னும் புரியவில்லை. அந்தத் தேதியில் பதிவேட்டிலும், மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்திலும் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 1 முதல் 5 வரை வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆக 60-க்கும் 61-க்கும் இடையில் ஒரு பிள்ளைதான் வித்தியாசம், ஆனால் ஓர் ஆசிரியரே கூடவோ குறையவோ செய்வார். இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பையும் மற்றவர் ஒரே அறையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் பணிக்கு ஆசிரியர்கள் போன பள்ளிகளில் எல்லாம் இதே நிலைதான்.

வடமாநிலக் குடும்பங்கள் ஜூன் மாதத்தைப் பார்த்து வருவதில்லை. வேலை கிடைக்கும்போது வருகிறார்கள், பண்டிகைக்கு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள், ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள். ஆகஸ்ட் 1-க்குப் பிறகு சேரும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் அந்த ஆண்டின் பணியிடக் கணக்கில் வராது. அதனால் ஜூன் 2 அன்று பள்ளி திறந்தது முதலே டிவிஷன் (எஸ்டேட்டின் உட்பிரிவு) வாரியாக லைன் வீடுகளுக்கு நேரில் போனோம். பகலில் போய்ப் பயனில்லை, ஆள் இருக்காது. ஞாயிறு காலையிலும், சம்பளம் போட்ட மறுநாள் மாலையிலும் போனால்தான் அம்மா, அப்பா இருவரையும் பார்க்க முடிகிறது. கூடவே அவர்கள் மொழி பேசும் தொழிலாளி ஒருவரை அழைத்துப் போவது அவசியம். ஜார்க்கண்ட் குடும்பங்களில் சாத்ரி பேசுவோர் அதிகம், எல்லாருக்கும் இந்தி ஒன்றே போதும் என்று நினைக்க வேண்டாம்.

சேர்க்கைக்கு வரும் பெற்றோர் தயங்குவது காகிதத்தை நினைத்துத்தான். சட்டம் தெளிவாக இருக்கிறது. பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது (பிரிவு 14). டி.சி. வரவில்லை என்று தாமதிக்கவும் கூடாது (பிரிவு 5). வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் (பிரிவு 4). இந்த மூன்றாவது விதியை நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லை என்று முதல் வகுப்பில் உட்கார வைத்தால், சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவில் வெட்கப்பட்டுச் சில வாரங்களிலேயே நின்றுவிடும். நான்காம் வகுப்பில் சேர்த்து, தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' முறையில் அரும்பு என்ற முதல் நிலையிலிருந்து தொடங்கினால் வயதொத்த பிள்ளைகளோடு விளையாடியே பேச்சைப் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறி வரும் பிள்ளைக்குச் சிக்கல் வேறு. பழைய பள்ளி எமிஸ் தளத்தில் அந்தப் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் நம் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். விடுவிக்கும் வரை பிள்ளை இங்கே படித்தாலும் கணக்கில் அங்கேயே இருக்கும். பாடநூல், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்தே வருகின்றன. குடும்பம் மலை இறங்கும்போதும் ஏறும்போதும் எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எண் கையில் இருந்தால் தலைமையாசிரியர் போனிலேயே பேசி முடித்துவிடுவார், இல்லையென்றால் தேடிப் பிடிப்பதற்கே நாளாகிவிடும்.

தன்னார்வலர்கள் நடத்திய தமிழ் வகுப்பில் தெரியவந்த ஒன்றையும் சொல்கிறேன். பேச்சு சீக்கிரம் வருகிறது, எழுத்துதான் தாமதமாகிறது. இந்தி எழுத்து படித்த பிள்ளைக்குக் ககர ஒலிக்கே நான்கு எழுத்து உண்டு, நமக்கு ஒன்றுதான். 'பல்', 'பஸ்' இரண்டுக்கும் ஒரே ப என்பது அவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. எழுத்து அட்டையை மட்டும் காட்டாமல் சொல்லும் படமும் சேர்ந்த அட்டையைக் காட்டினால் இது சரியாகிறது. காடர், முதுவர், மலசர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேலை தனியாக இருக்கிறது. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, வருவாய்க் கோட்டாட்சியர் அளவில்தான் வர வேண்டும், அதற்குப் பொள்ளாச்சிவரை அலைச்சல். எட்டாம் வகுப்பு முடியும் வரை காத்திராமல் ஆறாம் வகுப்பிலேயே மனுப் போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பள்ளிக்கு வரும் வழி. 2025-ல் நம் வட்டாரத்து எஸ்டேட்டுகளில் வடமாநிலத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் வனவிலங்குத் தாக்குதலில் உயிரிழந்தார்கள். ஜூனில் நான்கு வயதுப் பெண் குழந்தை, ஆகஸ்டில் எட்டு வயதுச் சிறுவன், டிசம்பரில் இன்னொரு சிறுவன். மூன்றும் மாலை நேரத்தில், வீட்டை ஒட்டியே நடந்தவை. அந்தக் குடும்பங்களுக்குச் சங்கம் தன் ஆழ்ந்த துயரத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு எந்தப் புதரை ஒட்டிப் போகக் கூடாது, எந்த நேரத்தில் பிள்ளையை வெளியே விடக் கூடாது என்பது தெரியாது. அதை அவர்கள் மொழியில் சொல்லும் கடமை இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்குத்தான் இருக்கிறது.

சிறுத்தை லைனைத் தேடி வருவதில் நம் பங்கும் உண்டு. கோழிக்கழிவைப் பாதையோரம் கொட்டினால் நாயும் பன்றியும் கூடும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். ஆள் பற்றாக்குறையால் கவாத்து வெட்டாமல் விட்ட ஃபீல்டுகளில் தேயிலை மரமாக வளர்ந்து, அடியில் உண்ணிச்செடி அடைந்து கிடக்கிறது. இடுப்பளவு தேயிலையில் தலை நிமிர்த்திப் பார்த்து நடக்கலாம், இந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பள்ளிப் பாதையின் இருபுறமும் புதர் வெட்டும் வேலையை மே மாதக் கடைசியிலும் செப்டம்பரிலும் செய்தோம். மழைக்கு முன் ஒருமுறை வெட்டினால் போதாது, தென்மேற்குப் பருவமழையில் மூன்றே மாதத்தில் பழையபடி வளர்ந்துவிடும். அதனால் செப்டம்பர் வெட்டுதான் முக்கியமானது.

பிள்ளைகள் கூட்டமாகத்தான் நடக்க வேண்டும். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், சிறு பிள்ளைகள் நடுவில், சத்தமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருபவர்தான் முக்கியம், ஏனென்றால் செருப்பு அறுந்தோ அட்டைப்பூச்சி கடித்தோ பின்தங்கும் பிள்ளைதான் தனியாகிறது. டிசம்பர், ஜனவரியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மூடுபனி இறங்கினால் அதற்கும் முன்பே. ஆகவே மாலைச் சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றித் தரும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டோம். அவர்களும் மனமுவந்து மாற்றினார்கள், சங்கத்தின் நன்றி அவர்களுக்கு.

குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியோ 3 கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளியோ இல்லாத பிள்ளைகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 வரை போக்குவரத்துப் படி கேட்க வழி உண்டு. குறுக்குப் பாதையை அளந்தால் தூரம் குறைந்து பிள்ளையின் பெயர் அடிபட்டுப் போகும். பிள்ளை உண்மையில் நடக்கும் பாதையை, யானை நடமாட்டத்தால் சுற்றிப் போகும் வழி உட்பட, வரைபடமாகப் போட்டு பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு கொடுக்க வேண்டும்.

யானை பற்றி. 2011 முதல் இங்கே இயங்கும் குறுஞ்செய்தி எச்சரிக்கையும் சிவப்பு விளக்கும் நம் ஆட்களுக்குப் பழக்கம். புதிய குடும்பங்களின் எண்கள் அதில் இல்லை. அப்பா போனோடு ஃபீல்டில் இருந்தால் வீட்டில் யாருக்கும் செய்தி போகாது. அதனால் சத்துணவு அமைப்பாளர் எண்ணையும், டிவிஷனுக்கு ஒருவராகத் தாய்மார்கள் எண்ணையும் சேர்க்கப் பெயர்ப் பட்டியல் எடுத்திருக்கிறோம்.

யானை பள்ளிச் சுவரை உடைப்பது அரிசிக்காக. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, 6 முதல் 8 வரை 150 கிராம். 50 சிறுபிள்ளைகளுக்கு நாளைக்கு 5 கிலோ, ஆக 50 கிலோ மூட்டை பத்துப் பள்ளி நாளுக்கு வரும். இந்தக் கணக்குப்படி தேவைக்கு மேல் மூட்டை அடுக்காமல் இருப்பதும், காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைக்கு முன் அறையைக் காலி செய்வதும்தான் காப்பு. இரும்புக் கதவு போட்டால் யானை கதவை விட்டுச் சுவரைத் தள்ளும். உப்பு மூட்டையையும் உள்ளே வைக்க வேண்டாம்.

குடிநீர்த் தொட்டிக்கு ஊற்றுத் தண்ணீர்தான் வருகிறது. 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரைமணி கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம். மழைக்காலத்தில் இரண்டு வகையில் இது பலிக்காமல் போகிறது. கலங்கிய நீரில் மருந்தை மண்ணும் சருகும் தின்றுவிடும், அதனால் முதலில் தெளிய வைக்க வேண்டும். பிரித்து வைத்த பையில் ஈரம் ஏறினால் மருந்தின் வீரியம் போய்விடும். வாசனை இல்லாத பவுடர் சுண்ணாம்புக்குச் சமம். ஆகவே சிறு பொட்டலமாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் வைக்கிறோம்.

கூரைத் தகடு ஒழுகலை மே மாதத்தில் சரிசெய்தோம். ஜே போல்ட்டைத் தகட்டின் பள்ளத்தில் அடித்திருந்ததே காரணம், நீர் ஓடுவது அங்கேதான். மேட்டில் துளையிட்டு, வாஷர் மாற்றி, பழைய துளைகளை அடைத்திருக்கிறோம். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு வரும் மானியம் ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000. இதில் கூரை வேலை அடங்காது என்பதால்தான் முன்னாள் மாணவர்களிடம் கைநீட்டினோம், அவர்களும் தாராளமாகத் தந்தார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை வேன் வருகிறது என்று தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோரிடம் ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள். மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. இடையில் ஓராண்டு தனியாரில் படித்தாலும் இழப்புதான். பெற்றோர் இதைப் பிளஸ் டூவில் தெரிந்துகொண்டு வருந்துவதைவிட ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

குழந்தைகள் தினம், விளையாட்டு விழா, மரக்கன்று நடுதல் வழக்கம்போல் நடந்தன. காலை உணவுத் திட்டம் நம் பிள்ளைகளுக்குப் பெரிய துணை, அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சோறு பொங்க முடியாத வீடுகள் இங்கே அதிகம்.

மாலைப் பேருந்து பள்ளி விடும் முன்பே போய்விடும் சிக்கல் இன்னும் தீரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு டவுனுக்குப் போகும் பிள்ளைகள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். மனுவில் வெறும் கையெழுத்து இருந்தால் எடுபடவில்லை. நிறுத்தம் வாரியாகப் பாஸ் எண்ணோடு பிள்ளைகளின் பட்டியலை இணைத்துப் புது மனுத் தயாராகிறது. ஒவ்வொரு டிவிஷனும் ஜனவரி இறுதிக்குள் பட்டியலைத் தர வேண்டும். மழைக்கோட்டு, பூட்ஸ் அளவெடுப்பு பிப்ரவரியில். பிள்ளை ஜூனுக்குள் வளர்ந்துவிடும், ஓர் அளவு கூட்டியே எழுதுங்கள். லைன் வீடுகளுக்குப் போகும் குழுவுக்குச் சாத்ரி, அசாமி தெரிந்த இருவர் தேவை, விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் தரலாம்.

ரிட்டயர் ஆகும் தொழிலாளர்களுக்கு வால்பாறையிலேயே வீட்டுமனை கேட்கும் தீர்மானத்தைச் சென்ற ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் நிர்வாகக் குழு முன்மொழிகிறது. அறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்