அந்தத் தாயை யார் கேட்டார்கள்?

ஆர்.கே.புரம், புது டெல்லி

அன்புள்ள யூசுப்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

கொலைக்குப் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பதை உங்கள் வக்கீல்கள் ஏன் இவ்வளவு கேவலமாகப் பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. சாகேத் நீதிமன்றத்தில் இலவசச் சட்ட உதவி வழக்குகளை நடத்துகிறவன் நான். மகனைப் பறிகொடுத்த தாய் இங்கே வெறும் சாட்சி. கூண்டில் ஏறி அடையாளம் காட்டிவிட்டு இறங்கினால் அவள் வேலை முடிந்தது. குற்றம் அரசுக்கு எதிரானது என்கிறோம். வாடகை கட்ட முடியாமல் தவிப்பது அவள்தானே?

இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்தில் முதலில் கேட்கப்படுவது இறந்தவரின் வாரிசுகளைத்தான்: கிஸாஸா (உயிருக்கு உயிர்), தியாவா (இழப்பீட்டுப் பணம்), மன்னிப்பா? குர்ஆனின் 2:178 வசனம் மன்னிக்கும் வாரிசைக் கொலையாளியின் சகோதரன் என்றே குறிப்பிடுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்ந்துபோகிறது. தவறுதலாக நேர்ந்த மரணத்துக்கான தியாவைக் கொன்றவனின் தந்தைவழி உறவினர் பங்கிட்டுத் தர வேண்டும் என்ற ஏற்பாடும் எத்தனை தீர்க்கமானது! கொன்றவன் ஏழை என்பதற்காக இறந்தவன் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது.

வங்காளத்தில் கம்பெனி ஆட்சியிலும் முதலில் இந்தச் சட்டம்தான் இருந்தது. 1790இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வாரிசுகளின் மன்னிக்கும் உரிமையை நீக்கினார். உரிமையைப் பறித்தவர்கள் அந்தக் குடும்பத்துக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. அரசே இழப்பீடு தர வகைசெய்யும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு 2009 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு. டெல்லியின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிமன்றம் யோசித்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும், மனுப் போட வேண்டும் என்பதே தெரியாத குடும்பங்கள் என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் மன்னிக்கும் அதிகாரத்தை முழுவதுமாக வாரிசுகளிடம் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, யூசுப். பாகிஸ்தானில் பார்த்தோமே. அண்ணன் தங்கையைக் கொல்வான், வாரிசான தந்தை மன்னித்துவிடுவார். கௌரவக் கொலையில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று 2016இல் அவர்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பணமும் அப்படித்தான். சவூதியில் மரண தண்டனை பெற்ற கோழிக்கோட்டுக்காரருக்காகத் தியா கொடுக்க 2024இல் கேரளமே 34 கோடி ரூபாய் திரட்டியது. ஊர் திரளாத ஏழையின் கதி என்ன?

அந்தத் தாயிடம் நீதிமன்றம் கேட்கட்டும், அவள் சொல்வது தண்டனையில் எடைபெறட்டும். பணத்தை அரசு கொடுக்கட்டும், குற்றவாளியிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். நான் விரும்புவது இதுதான். உறவினர் பங்கிடும் அந்த ஏற்பாட்டை இன்றைய அரசின் பொறுப்பாக மாற்ற ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டவியலில்) இடமிருக்கிறதா என்று உன் மாமாவிடம் கேட்டு எழுது. நீ மறுப்பதாக இருந்தால் அதையும் விரிவாக எழுது.

அன்புடன்,
ரவி